சாயங்காலம் போகலாம்

ஆமை தன் மனைவியைக் கடைசியாக உயிரோடு பார்த்தது, வற்றிக்கொண்டிருந்த குளத்தின் கரையில்.

“ஏரிக்குப் போயிடலாம், கிளம்புங்க,” என்றது மனைவி.

“வெயில் தாழட்டும். சாயங்காலம் போகலாம்,” என்றது ஆமை.

மனைவி கரையிலேயே காத்திருந்தது. பொழுது சாய்வதற்குள் நரி வந்து அதைக் கவ்விக்கொண்டு போய்விட்டது.

அதற்குப் பிறகும் ஆமை கிளம்பவில்லை. தண்ணீர் அதன் முதுகைக்கூட மறைக்காத அளவுக்கு இறங்கியது. ஒரு நாள் அது தலையையும் கால்களையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு, தன் மூச்சைக் கவனிக்கத் தொடங்கியது.

“யோகாவா அண்ணே? ஒளிஞ்சுக்கறதுக்கு இப்ப இதுதான் பேரா?” என்று சிரித்தது தவளை.

“இத்தனை நாளும் ஒளிஞ்சுதான் கிடந்தேன். ஏன் ஒளியறேன்னு இன்னைக்குப் பார்க்கப் போறேன்,” என்று ஓட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

கிளம்பாமல் இருக்க அது சொல்லிவந்த சாக்குகள் எல்லாம் மனதுக்குள் வந்தன. வெயில், கால்வலி, நாளைக்கு வரப்போகும் மழை. ஆமை எதற்கும் பதில் சொல்லாமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அவை தாமாகவே போய்விட்டன. ஒன்று மட்டும் போகவில்லை. மனைவி இல்லாமல் தனியாக அந்த வழியில் நடக்கும் பயம்.

“சரி, நீயும் கூட வா,” என்று அந்தப் பயத்திடம் சொல்லிவிட்டு, ஆமை கழுத்தையும் கால்களையும் முழுதாக நீட்டி எழுந்தது.

“உச்சி வெயில் அண்ணே! சாயங்காலம் போயேன்!” என்று தவளை கத்தியது.

“அந்தச் சாயங்காலத்தை நரி தின்னுடுச்சு,” என்றது ஆமை, நடையை நிறுத்தாமல்.

ஏரிக்கரைச் சேற்றில் இப்போது ஒற்றை ஆமையின் கால்தடம் இருக்கிறது.