பந்தாகவே கிடந்த முட்டைகள்

"தோத்தவங்க ஆயுசுக்கும் தவளைத் தொட்டி கழுவணும். ஞாபகம் இருக்கா?" ஆய்வகமே அதிரும்படி கேட்டார் விஞ்ஞானிக் கணவர்.

"முதல்ல கரு வளர்க்கற ரெண்டு தட்டையும் பாருங்க," என்றாள் சக விஞ்ஞானியான மனைவி.

ஒரு புரதம் சைகை காட்டினால்தான் செல்கள் ஒன்றன் இடையில் ஒன்று இடித்துப் புகுந்து, தவளைக் கரு நீளும் என்பது அவர் கட்சி. அந்தப் புரதம் தேவையே இல்லை என்பது அவள் கட்சி.

முதல் தட்டில் கருக்கள் நீண்டிருந்தன. புரதத்தைத் தடுத்த இரண்டாவது தட்டில் எல்லாம் பந்தாகவே கிடந்தன.

"பாத்தியா! ஒரு செல் அசையல! உலகமே இனி என் காலடியில!" கூரையில் தலை இடிக்காத குறையாகக் குதித்தார்.

அவள் நுண்ணோக்கியில் குனிந்தாள்.

"ஏங்க, ஒரு முட்டைகூட ரெண்டாப் பிரியலையே. நேத்து ரெண்டு தட்டுக்கும் விந்து சேர்த்தீங்கதானே?"

"ரெண்டுக்குமா? நடுவுல போன் வந்துச்சே..."

"அப்பாவே இல்லாத முட்டை எந்தச் சைகைக்கும் அசையாதுங்க," என்று தொட்டி கழுவும் பிரஷ்ஷை நீட்டினாள்.