மரை கழன்ற கேரவன்

மாமியார் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஒகேனக்கல் போகவேண்டிய காலையில், சந்திரமோகனின் கேரவன் உறுமிவிட்டு அணைந்தது.

"டீசல் பம்புல காத்து புடிச்சிருச்சுங்க அத்தை. இன்னிக்கு நகராது" என்று மொரப்பூரிலிருந்த மாமியாருக்குப் போன் செய்தான். இழவு சொல்லும் குரல்.

மதியமே பாய் தலையணையோடு குடும்பம் நல்லம்பள்ளியில் அவன் வீட்டு வாசலில் வந்து இறங்கியது.

"நகரலைன்னா என்னங்க மாப்ள? கட்டில், அடுப்பு எல்லாம் உள்ளயே இருக்குதில்ல. லீவு முடியற வரைக்கும் இதுலயே தங்கிக்கறோம்" என்றார் மாமியார்.

"இப்பவே ஓட வெச்சர்றேங்க" என்று வண்டிக்கடியில் பாய்ந்த சந்திரமோகன், காலையில் தானே தளர்த்திவிட்ட டீசல் குழாய் நட்டை வெறியோடு இறுக்கினான். மரை கழன்றது. அவனுக்கு ஏற்கெனவே கழன்றிருந்தது, இப்போது நட்டுக்கும். முகமெல்லாம் டீசல்.

மாமியார் குனிந்து பார்த்தார்.

"மெதுவாப் பாருங்க மாப்ள. எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்லிங்க."