இப்படிக்கு, கீழ்ப்படிதலுள்ள ஊழியன்

“ஏட்டி, இங்கிலீஷ்ல கடுதாசி வந்திருக்கு. நம்ம கடையப் பாராட்டித்தான் எழுதியிருக்கணும். வாசி பாப்போம்.”

குற்றாலம் பழக்கடை மாடன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மகளிடம் நீட்டினார்.

பாதி வாசிப்பதற்குள் இசக்கிச்செல்வி சிரித்துவிட்டாள்.

“‘தாங்கள் காட்டிய பெருங்கருணைக்கு அடியேன் என்றென்றும் கடமைப்பட்டவன்’னு எழுதுதாரு. கடைசில ‘யுவர் மோஸ்ட் ஒபீடியன்ட் சர்வன்ட்’. உங்களோட கீழ்ப்படிதலுள்ள ஊழியனாம். இலஞ்சி ஞானசம்பந்தம்.”

“நல்லாத்தானே இருக்கு?”

“நக்கல்ப்பா! இப்ப யாரு இப்படி எழுதுதா? எங்க காலேஜ்ல ஒருத்திய நாறடிக்கணும்னா இப்படித்தான் மெசேஜ் போடுவோம். மரியாதை கூடக்கூட திட்டு பெருசுன்னு அர்த்தம்.”

மாடனுக்கு ஜிவ்வென்று ஏறியது. தலைச்சுமையில் பழம் விற்று, பேரம் பேசிப் பேசியே கடை போட்டவர். படிக்காதவன்னு இங்கிலீஷ்லயா திட்டுதான்? போன வாரம் ஒரு ரூபாய்கூடக் குறைத்துக் கேட்காமல் மாம்பழம் வாங்கிப்போன கிழவன்தானே!

பைக்கை நேரே இலஞ்சிக்கு விட்டார்.

“என்னவேய், என்னயப் பாத்தா கோமாளியாத் தெரியுதா? இந்த நக்கலெல்லாம் எங்கிட்ட வேண்டாம்!”

ஞானசம்பந்தம் மிரண்டுபோனார்.

“நக்கலா? நாப்பது வருசம் கோர்ட்டுல கிளார்க்கு அண்ணாச்சி. எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷே அதான். கரண்ட் ஆபீசுக்கும் அப்படித்தான் எழுதுவேன், அமெரிக்காவுல இருக்க பேரனுக்கும் அப்படித்தான் எழுதுவேன்.”

மாடனின் குரல் இறங்கியது.

“பெறவு எதுக்குய்யா எனக்குக் கடுதாசி? துட்டு குடுத்திய, பழம் குடுத்தேன்.”

“கடிச்சுத் திங்க எனக்குப் பல்லு ஏது? நான் வாயத் தொறந்து கேக்கக்கூட இல்ல. நாலு பேரு முன்னால என் பொக்கைவாயச் சொல்லிக்காட்டாம, நல்ல பழத்துக்கு அடியில, எனக்குன்னே கொழகொழன்னு எட்டுப் பழம் கமுக்கமாப் பொறுக்கிப் போட்டியளே! இந்தக் காலத்துல யாருக்கு வரும் அந்த மனசு?”

மாடன் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

இதுக்கு இந்த மனுசன் நக்கலாகவே எழுதித் தொலைத்திருக்கலாம்.