தையற்கடைக் கிளி

எரிகிற தையற்கடைக்குள்ளிருந்து ஒருவன் கிளிக்கூண்டைத் தூக்கிக்கொண்டு வந்ததைப் பார்த்ததும் தாஸிம் முதலாளி தன் கடை வாசலில் ஓரடி பின்வாங்கினார்.

நெருப்பணைக்கிற ஆள்தான். தலையில் தொப்பி, முகமெல்லாம் கரி. ஆனால் உடம்பில் இருந்தது காக்கி. எண்பத்து மூன்று ஜூலையில் பதுளையில் காக்கியை நம்பினவன் கெட்டான் என்பது தாஸிமின் கணக்கு.

பட்டப்பகல். கடைத்தெருவில் சிங்களக் கூட்டமொன்று தமிழாட்களின் கடையாகப் பார்த்துப் பார்த்துக் கொளுத்திக்கொண்டு வந்தது. தாஸிமின் பலசரக்குக் கடைக்கு ஒட்டின சுவர், நல்லையாவின் தையற்கடை. ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்துச் சனமெல்லாம் தீபாவளிக்குச் சட்டை தைக்க அங்கேதான் வரும். இப்போது முன்கூரை உள்ளே விழுந்து கிடந்தது. கொல்லைப்பக்கம் மட்டும் இன்னும் பிடிக்கவில்லை.

நல்லையா எங்கே என்று கேட்டார்கள். பெண்சாதி பிள்ளையோடு தோட்டத்துக்கு ஓடிவிட்டான் என்று தாஸிம் சொல்லியிருந்தார்.

மூன்று பேரும் அவர் தலைக்கு மேலேதான் இருந்தார்கள். ஓட்டுக்கும் பலகைக்கும் நடுவே, வெறுஞ்சாக்குகளுக்குப் பின்னால், மூச்சை அடக்கிக்கொண்டு.

ஒரு கிளிக்காக எவனாவது நெருப்புக்குள் போவானா? போகிறான் என்றால் அதில் என்னவோ இருக்கிறது.

கூட்டத்தில் மண்ணெண்ணெய்ப் போத்தலோடு நின்ற ஒருவன் சிங்களத்தில் கத்தினான். "அடே, தமிழன்ட கிளி தமிழ்தானேடா பேசும்! அதையும் தூக்கி நெருப்பில போடு!"

எல்லாரும் சிரித்தார்கள்.

நெருப்பணைக்கிறவன் சிரிக்கவில்லை. நேரே தாஸிமின் கடை வாசலுக்கு வந்து கூண்டை நீட்டினான். "பிடிங்க முதலாளி. உள்ள கொண்டுபோய் வைங்க."

சொல்லிவிட்டு அவர் கண்ணையே ஒரு கணம் பார்த்தான். உளவு பார்க்கிறான் என்று தாஸிம் முடிவு கட்டிக்கொண்டார். வாங்காமல் விட்டால் சந்தேகம். வாங்கினால் ஆபத்து. வாங்கிக்கொண்டார்.

அந்தக் கிளிக்குத் தெரிந்தது ஒரே ஒரு சொல். தவமணி. நல்லையாவின் மகளின் பெயர். அது "தவமணீ" என்று கூப்பிட்டால், பிள்ளை எங்கே இருந்தாலும் "என்னா?" என்று பதில் கொடுக்கும். சோற்றை மென்றுகொண்டிருந்தாலும் கொடுக்கும், அரைத் தூக்கத்திலும் கொடுக்கும். ஆறு வயதுப் பிள்ளை. அதற்கும் கிளிக்கும் நாளெல்லாம் அதுதான் விளையாட்டு. சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து தாஸிமும் எத்தனையோ தரம் கேட்டுச் சிரித்திருக்கிறார்.

கடையின் பின்னறையில் லரீபா நின்றாள். புருசன் கையில் கூண்டைக் கண்டதும் அவள் முகம் செத்துப்போனது.

"என்னத்துக்கு இத வாங்கினீங்க? வேணாம்னு செல்ல வாயில்லயா ஒங்களுக்கு?"

"சும்மா இரி. துணியப் போடு."

லரீபா தன் முக்காட்டை உருவிக் கூண்டின் மேல் போட்டாள். இருட்டில் அடங்கிவிடும் என்று நினைத்தார்கள். புகை குடித்த கிளி, பயந்த கிளி, அது எங்கே அடங்கும்? தொண்டையைச் செருமுகிறதுபோல் ஒரு சத்தம் போட்டது.

"தவ..."

மேலே பலகை முனகியது. யாரோ யாருடைய வாயையோ பொத்துகிற அரவம்.

வாசலில் இரண்டு பேர் படியேறி நின்றார்கள். "முதலாளி, சிகரட் இருக்கா?" என்று ஒருவன் கேட்டான். அவன் கையில் இரும்புக் கம்பி இருந்தது.

"வாரேன் தம்பி, வாரேன்" என்று தாஸிம் குரல் கொடுத்தார். கொடுத்துக்கொண்டே முக்காட்டுக்குள் கையை விட்டார்.

எத்தனையோ கோழி அறுத்த கை. ஒவ்வொரு தடவையும் அல்லாஹ்வின் பெயரால் என்று பிஸ்மி சொல்லித்தான் கத்தி வைத்திருக்கிறார். இன்றைக்கு நாக்கு எழும்பவில்லை. தின்னவா கொல்கிறோம்?

கிளி அவர் பெருவிரலைக் கவ்வியது. சதை பிய்ந்தது. அவர் விடவில்லை. கழுத்து அவ்வளவு சின்னதாக இருக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

லரீபா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

தாஸிம் வெளியே போய்ச் சிகரட் கொடுத்தார். காசு வேண்டாம் என்றார். அவர்கள் பற்றவைத்துக்கொண்டு அடுத்த தெருப்பக்கம் போனார்கள். கூட்டமும் பின்னாலேயே நகர்ந்தது. தாஸிம் பெருவிரலில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டார். மூன்று உயிருக்கு ஒரு கிளி. அல்லாஹ் மன்னிப்பான் என்று சொல்லிக்கொண்டார்.

பக்கத்துச் சுவரில் தண்ணீர் அடித்து முடித்துக் குழாயைச் சுருட்டியபின், அந்த நெருப்பணைக்கிறவன் மறுபடி வந்தான். குடிக்கத் தண்ணீர் கேட்டான். ஒரே மடக்காகக் குடித்தான். தாஸிமின் பெருவிரலில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தான்.

"ஒங்களையும் கடிச்சிட்டுதா?" தன் கையைத் திருப்பிக் காட்டினான். அதிலும் பிய்ந்த சதை.

தாஸிம் தன் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். எதற்கு வந்திருக்கிறான் என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவன் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டான். பிறகு தண்ணீர்க் குவளையைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் கிட்ட வந்து, தாழ்ந்த குரலில் சொன்னான்.

"ஒங்க கூரையில கொல்லைப் பக்கம் ஒரு ஓடு வெலகி இருந்திச்சு முதலாளி. நான் மூடிட்டேன். அந்த ஓட்டை வழியா ஒரு சின்னக் கை பக்கத்துக் கொல்லையில தொங்கின கூண்டக் காட்டிக் காட்டி அழுதிச்சு. அதான் உள்ள போனேன். கிளிய மேல குடுத்துடுங்க. புள்ள சத்தம் போடாம இருக்கும்."