மூன்று நாவலிலும் சாகிறவன்

தன் நாவலின் முதல் பக்கத்தில் "அன்புடன்" என்று எழுதிவிட்டு, தலை நிமிராமல் கேட்டாள்.

"யார் பேருக்கு எழுதட்டும்?"

"சுடலைமணி."

பேனா நின்றது.

நிமிர்ந்து பார்த்தாள். காதோரம் நரை. கட்டம்போட்ட சட்டை. முகம் பெருத்திருந்தது. கண் மட்டும் அதே கண்.

பதினாறு வருடம்.

தம்பி ஜெபசீலனை வீட்டுக்குள் கிடத்தியிருந்த அன்று, இவன் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள்தான் போய்ச் சொன்னாள்.

"உள்ள வராத."

அவன் வரவில்லை. கல்லறைத் தோட்டத்துக்கும் வரவில்லை.

வீட்டில் பார்த்த பெண்ணோடு நிச்சயதார்த்தம் முடிந்த வாரமே தம்பி தன்னை முடித்துக்கொண்டான். அவன் யாரை விரும்பினான் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. பழியை மட்டும் கேட்டுக்கு வெளியே நின்றவன்மேல் போட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் அவள் எழுத ஆரம்பித்தாள்.

மூன்று நாவல். மூன்றிலும் இரண்டு ஆண்களின் காதல். ஒரு பெண் ஏன் இதை எழுதுகிறாள் என்று கூட்டங்களில் கேட்பார்கள். காதலில் ஆண் என்ன, பெண் என்ன என்பாள். கைதட்டுவார்கள்.

உண்மையான பதிலை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

எழுதும் நேரத்தில் தம்பி வீட்டில் இருந்தான். அவ்வளவுதான்.

பக்கத்து அறையில் அவன் நடப்பது கேட்கும். புதிதாக ஒரு பெயர் வைத்து அவனைக் கதைக்குள் உட்காரவைப்பாள். அவனுடைய தெத்துப்பல்லைக் கொடுப்பாள். சாப்பிடும்போது தொண்டைக்குள்ளேயே முனகுவானே, அந்தப் பாட்டைக் கொடுப்பாள். அவன் பேச ஆரம்பித்துவிடுவான். அவள் வெறுமனே எழுதிக்கொண்டு போக வேண்டியதுதான்.

கதைக்குள் அவன் காதலிக்கிற மற்றவன்தான் ஒருநாளும் பேசவில்லை. அவனுக்கான பேச்சை அவளே யோசித்து எழுத வேண்டியிருந்தது.

வரிசை நகராமல் நின்றது. பின்னால் யாரோ புத்தகத்தால் விசிறிக்கொண்டிருந்தார்கள். பாளையங்கோட்டை வெயில் தகரக் கூரைக்குள்ளும் இறங்கியிருந்தது.

"மூணும் படிச்சிருக்கேன்க்கா" என்றான்.

பிறகு சொன்னான்.

"மூணுலயும் என்னைக் கொன்னுட்டீங்க."

குற்றம் சொல்கிற குரல் இல்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற குரல்.

அவள் மனசுக்குள் புரட்டினாள். முதல் நாவலில் கடல். அடுத்ததில் காய்ச்சல். மூன்றாவதில் பேருந்து கவிழ்ந்தது. ஒவ்வொரு முறையும் கதைக்கு அதுதான் சரி என்று தோன்றியது. ஒரு முறைகூடத் தெத்துப்பல்காரன் சாகவில்லை.

அவள் இதைப் பார்த்ததே இல்லை.

நாலாவது நாவல் வீட்டில் பாதியில் கிடக்கிறது. போன வாரம்தான் அதில் மற்றவனுக்கு இருமல் வந்திருந்தது.

"நான் வேணும்னு..."

"பரவால்லக்கா. அவன் இருக்கான்லா. எனக்கு அது போதும்."

அவளால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எழுதிய அந்த ஒற்றைச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். மை காய்ந்திருந்தது.

"ஆனா ஒண்ணு தப்பா எழுதுதீங்க" என்றான். "நான் செத்த பெறகு அவன் வேலைக்குப் போறான். ஊரு மாறுதான். கடைசில சிரிக்கான். அப்படி இருக்காது."

"எப்படி இருக்கும்?"

அவன் யாரென்று தெரிந்து அவள் கேட்ட முதல் கேள்வி அது.

அவன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"அழுவதுக்கு ஒரு உறவு வேணும்லாக்கா. செத்தவன் ஒனக்கு யாருன்னு கேட்டா என்ன சொல்ல? கூட்டுக்காரன், சிநேகிதன்னு சொன்னா நாலு நாள் அழலாம். அஞ்சாம் நாளு ஆளுக ஒரு மாதிரி பாப்பாங்க. அதான் அவன் நம்பருக்குப் போன் போட ஆரம்பிச்சேன். சுவிட்ச் ஆஃப்னு ஒரு பொம்பளைக் குரல் சொல்லும். தெனமும் கேப்பேன். அதைக் கேட்டாத்தான் தூக்கம் வரும்."

பதிப்பாளர் எட்டிப் பார்த்தார்.

"மேடம், வரிசை நிக்குது."

அவள் கையைக் காட்டி அவரை நிறுத்தினாள்.

"ரொம்ப நாள் கழிச்சு ஒரு நாள் மணி அடிச்சுது" என்றான்.

அவள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"நம்பரை வேற யாருக்கோ குடுத்துட்டாங்க போல. ஆம்பளைக் குரல். அலோன்னான். வச்சிருக்கணும். நான் வைக்கல. சாப்பிட்டியான்னு கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

"சாப்பிட்டேன், நீங்கன்னான்."

விசிறிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. வரிசையில் இருந்தவர்கள் அவர்களையே பார்த்தார்கள்.

அவள் பேனாவை மூடினாள். பக்கத்து நாற்காலியில் கிடந்த புத்தகக் கட்டைத் தூக்கித் தரையில் வைத்தாள்.

"இந்தப் பக்கம் வந்து உக்காரு."

அவன் மேசையைச் சுற்றி வந்தான். நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

"அப்புறம்?" என்றாள்.