ஓட்டையை விரட்டிய சூரர்கள்

ஒரு துளித் தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாத மணிகள் வரிசை பிசகாமல் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. ஒரே ஓர் இடம் மட்டும் காலி. அந்த ஓட்டை இன்றைக்கு இங்கே, நாளைக்கு அங்கே என்று ஊர்ந்துகொண்டே இருந்ததால் எல்லா மணிகளுக்கும் அதைக் கண்டால் நடுக்கம். ஆளையே விழுங்கிவிடுமாம்.

கணக்குமணி மட்டும் அசரவில்லை. ஓட்டை எந்தப் பக்கம் போகும் என்பதற்கு அது ஒரு சூத்திரமே போட்டு வைத்திருந்தது. "நம்ம வரிசைப் பக்கம் அது தலைவச்சுக்கூடப் படுக்காது" என்று இடப்பக்கம் நின்ற சுண்டுமணிக்குத் தைரியம் சொன்னது.

சொல்லி வாய் மூடவில்லை, கணக்குமணியின் வலப்பக்கம் ஓட்டை வந்து நின்றது. கணக்குமணி அவசர அவசரமாகச் சூத்திரத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தது. ஆனாலும் எத்தனை நாளைக்கப்புறம் இடுப்பை நீட்ட இடம்! லேசாகச் சாய்ந்தது. அப்படியே வழுக்கி ஓட்டைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அடடா, என்ன சுகம்!

திரும்பிப் பார்த்தால் ஓட்டை இப்போது இடப்பக்கம் இருந்தது.

"பாத்தியா, என்னைக் கண்டதும் ஓடிடுச்சு! நான் இம்மிகூட நகரல" என்று கத்தியது கணக்குமணி.

சுண்டுமணி தன்னை ஒட்டிக் காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்தது. முதுகை ஒருமுறை நெளித்துக்கொண்டது.

"கொஞ்சம் இருங்கண்ணே, நானும் அதை விரட்டிட்டு வர்றேன்."