பூப்போட்ட கோப்பை

அஜின்கோர்ட் தொடர்மாடி வீட்டின் மதிய வெளிச்சத்தில், தொலைக்காட்சியில் பழைய ஐரிஷ் பாட்டுப்படம் ஓடுகிறது. தாய் தகப்பனில்லாத ஒரு சிறுமியை வைக்கோல் வண்டியில் ஏற்றிவந்த கிராமத்தார் பிடில் வாசித்துப் பாடுகிறார்கள். தாய் தகப்பனை இழந்து, போன மாதம் மன்னாரிலிருந்து இந்தக் குளிர்நாட்டுக்கு, பெரியம்மா வீட்டோடு இருக்க வந்த நிரோஜினி அந்தச் சிரிப்புகளை நம்பாமல் பார்க்கிறாள். பாடிக் கூப்பிடுகிறவர்கள் பிறகு என்ன செய்வார்களோ? சோபாவின் விளிம்பில்தான் உட்கார்ந்திருக்கிறாள். ஹீற்றர் சூட்டிலும் ஜக்கெற்றைக் கழற்றவில்லை. பெரியம்மா அருள்நாயகி தேத்தண்ணீர் கொண்டுவருகிறாள். அவளுக்கும் பெரியப்பாவுக்கும் விளிம்பு உடைந்த பழைய பீங்கான் மக்குகள். நிரோஜினிக்கு மட்டும் கண்ணாடி அலுமாரியிலிருந்து எடுத்த, தங்கக் கரையிட்ட பூக்கோப்பை. வந்த நாளிலிருந்து அவளுக்கு அதுதான். திரையில் அந்தச் சிறுமி, வீட்டார் எல்லாரும் குடிக்கிற தகரக் குவளையை வாங்கிக் குடிக்கிறாள். நிரோஜினியின் பார்வை குவளையிலிருந்து கோப்பைக்கு இறங்குகிறது.

“குடி பிள்ளை, ஆறப்போகுது.”

“உது வீட்டுக்கு வந்துபோற ஆக்களுக்குக் குடுக்கிற கோப்பைதானே, பெரியம்மா?”

“ஓம். இருக்கிறதுக்குள்ள நல்லது. அதுதான் உனக்கு.”

நிரோஜினி ஜக்கெற்றின் சிப்பைக் கழுத்துவரை இழுக்கிறாள்.

“அப்ப நான் எப்ப போகவேணும்?”